ஜன்னல் இல்லாத வண்டி

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். அம்மாவின் மூட்டுவலி தேவலையா?

"பக்கத்து வீட்டுப் பையன் போற ஊரைப் பத்தி ஆறு பக்கம் எழுதுறான், உனக்கு ஆறு வரி வரலையாடா?" என்று போனில் கடிந்துகொண்டீர்கள். சரி, விலாவாரியாகவே எழுதுகிறேன்.

கடற்கரை ஓட்டல் ஒன்றுக்கு ஏசி மெஷின் மாட்ட, வேலையாட்கள் நாங்கள் கம்பெனி வண்டியில் போனோம். இன்ஜினியர் முன்சீட்டில் உட்கார்ந்தார். எங்களை மெஷின்களோடு பின்னால் ஏற்றிக் கதவை வெளியே பூட்டினார்கள். ஜன்னல் கிடையாது. ஒரு வளைவில் மெஷின் என் தோளில் சரிந்தது; பயப்படாதீர்கள், மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கிய இடம் ஓட்டலின் பேஸ்மென்ட். வேலை முடிந்ததும் அப்படியே ஏற்றிவந்துவிட்டார்கள். "கடல் பாத்தியாப்பா?" என்று கேட்டார் இன்ஜினியர்.

வலித் தைலம் இரண்டு பாட்டில் அனுப்புங்கள். வண்டி ஹாரன் அடிக்கிறது. நாலு பேருக்குப் படித்துக்காட்ட இது போதாதென்றால், கடல் நீலமாக இருந்தது என்று நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்