இரண்டு பாதியும் முதுகில் காற்று

ஜூலை 26, சனி

காலையிலிருந்தே மேல்காற்று. மணலை வாரிக் கண்ணில் போடுகிறது. ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து மெர்சி வந்ததும் முதல் கேள்வி, பால் எங்கே. மறந்துவிட்டேன். வரக்காப்பி. திட்டு தனி.

சாயங்காலம் நம் மைதானத்தில் ஃபுட்பால் மேட்ச். 2-0. எங்கள் உப்பனாறு கிளப் செகண்ட் டிவிஷனில் முதலிடம். எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது. மீசை சரியாக முளைக்காத வயதில் இந்த கிளப்பில் கீப்பராகச் சேர்ந்தேன். இப்போது மீசையில் வெள்ளை. நடுவில் ஒரு வருஷம்கூட நாங்கள் மேலே போனதில்லை. கீழே விழப் பார்த்தது மட்டும் உண்டு.

இந்த வருஷம் ஜெயித்ததில் பாதி காற்றுக்குச் சேரும். எங்கள் மைதானம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. கிழக்கே கடல், மேற்கே சவுக்குத் தோப்பு. நாலு மணிக்கு ஆரம்பிக்கும்போது மேற்கிலிருந்து காற்று. ஹாஃப் டைம் ஆனதும் அது படுத்துவிடும், கடல்காற்று ஏறும். அதனால் எங்கள் கேப்டன் பிரபு டாஸ் ஜெயித்தால் கண்ணை மூடிக்கொண்டு மேற்குக் கோலை எடுப்பான். முதல் பாதி மேல்காற்று எங்கள் முதுகில். பக்கம் மாறிய பிறகு கடல்காற்றும் எங்கள் முதுகில். வெளியூர்க்காரன் இரண்டு பாதியும் எதிர்காற்றில் ஓடி நாக்குத் தள்ளிப் போவான். காற்று திரும்புவதை டீக்கடைக் கொடி காட்டிக் கொடுக்கும். இது எங்களுக்குள் மட்டும். கோச் ரவி மாமா வாயே திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

முட்டிக்கு ஐஸ். வீக்கம் ஜாஸ்தி.

ஜூலை 29, செவ்வாய்

கடலூர் - சிதம்பரம் நாலு டிரிப். டிரைவருக்கும் கண்டக்டர் எனக்கும் பேச்சு இல்லை, அவர் கை வலி, என் கால் வலி. ஆலப்பாக்கத்தில் ஏறிய ஒரு அம்மா: "என்னா காத்துப்பா இது, பொடவய புடிக்கிறதா, கம்பிய புடிக்கிறதா?" கம்பியைப் பிடிக்கச் சொன்னேன். பஸ்ஸே சிரித்தது.

மெர்சி முட்டியை அமுக்கிப் பார்த்தாள். நர்ஸ் பார்வை. மனைவி பார்வை அதற்கு அப்புறம்தான் வந்தது.

"மேல ஏறுனாலும் சரி, ஏறாட்டியும் சரி. இந்த சீசனோட நிறுத்திக்க."

"சரி."

"சரின்னு ரொம்ப சீக்கிரமா சொல்ற."

உண்மையாகத்தான் சொன்னேன். முட்டி எனக்கே தெரிகிறது. ஆனால் ஏறாமல் நிறுத்தினால் சாகும்வரை நான் செகண்ட் டிவிஷன் கீப்பர்தான். அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்திருக்கும்.

பால் வாங்கினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. மஞ்சள் கயிறு, பூ, வாழைப்பழ வாசனை. புதுச்சத்திரத்தில் ஒரு பெண் மடியில் சித்திரான்னத் தூக்கு கவிழ்ந்து, பாதி என் செருப்பில். இறங்கும்போது மிச்சத்தில் ஒரு பிடி எனக்கும் கொடுத்துவிட்டுப் போனாள். எலுமிச்சை சாதம். அருமை.

கடைசி மேட்ச் வருகிற சனிக்கிழமை. சிதம்பரத்தில், சிதம்பரம் டீமோடு. அவர்கள் இரண்டாமிடம். எங்களுக்கு டிரா போதும், நேராக ஃபர்ஸ்ட் டிவிஷன். அவர்கள் ஜெயித்தால் அவர்கள் நேராகப் போவார்கள்.

சனிக்கிழமை டியூட்டியை யார் மாற்றிக்கொள்வார்? டெப்போவில் இரண்டு பேர் கையை விரித்தார்கள். சீனியர் கண்டக்டர் துரை அண்ணனிடம் கேட்கத் தயக்கம், அவர் வீட்டில் விசேஷம். கேட்பதற்கு முன் அவரே வந்தார். "மேட்ச் அன்னிக்கி உன் வண்டிய நான் பாத்துக்கறன், போ. பூசைய எங்க வீட்டுல நடத்திக்குவாங்க." அவர் பையை வாங்கி பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன்.

ஆகஸ்ட் 9, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

வேனில் போனோம். சிதம்பரம் மைதானமும் கிழக்கு மேற்குதான். ஆனால் மேற்கே தோப்பு இல்லை, கட்டடம் இல்லை, கண்ணுக்கு எட்டிய வரைக்கும் வயல். ஆடிக்காற்று பிய்த்துக்கொண்டு வருகிறது.

பிரபு டாஸ் ஜெயித்தான். அவன் கை தானாக மேற்குக் கோலைக் காட்டியது. எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை, நானும் பழக்கதோஷத்தில் மேற்கே நடக்க ஆரம்பித்துவிட்டேன். கோட்டுக்கு வெளியே ரவி மாமா மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"டேய், இங்க ஏதுடா கடலு?"

கடல் பத்து மைலுக்கு அந்தப் பக்கம். கடல்காற்று அந்த நேரத்துக்கு இங்கே எட்டவே எட்டாது. அதாவது இரண்டாம் பாதியில் காற்றும் எனக்கு எதிரில், வெயிலும் எனக்கு எதிரில்.

முதல் பாதி மேல்காற்று முதுகில். எங்கள் ஃபார்வர்டு பாஷா தூரத்திலிருந்து சும்மா ஒன்று தூக்கி அடித்தான், காற்று அதை எடுத்துக்கொண்டுபோய் வலைக்குள் வைத்தது. 1-0. ஹாஃப் டைமில் யாரும் சந்தோஷமாக இல்லை. மாமா திட்டவில்லை. குளுக்கோஸ் தண்ணீரைக் கொடுத்துவிட்டு மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரபு தலை நிமிரவில்லை.

பக்கம் மாறும்போது அவர்களுடைய கீப்பர் கோல் ஓரத்தில் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டிருந்தான். கலியமூர்த்தி. கீரப்பாளையத்துக்காரன், டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை. வருஷாவருஷம் எதிரெதிரே நின்றிருக்கிறோம், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி வலையில் மாட்டினான்.

"அஞ்சரைக்கு நேரா கண்ணுல நிக்கும் மச்சான். வேணும்னா போட்டுக்க."

"உனக்கு?"

"அந்தப் பக்கம் எனக்கு முதுகுலதான வெயிலு."

நான் தொடவில்லை. எதிரி டீம் கீப்பர் தொப்பியைப் போட்டுக்கொண்டு நிற்பதா என்ற வீம்பு. எதற்குக் கொடுக்கிறான் என்ற சந்தேகமும்தான்.

வீம்புக்குப் பலன் சீக்கிரமே கிடைத்தது. உயரமாக ஒரு பந்து, சூரியனுக்குள் போனது, அப்புறம் காணவில்லை. வெறும் காற்றைக் குத்தினேன். பின்னால் வலை குலுங்கியது. 1-1.

மைதானமே ஆடியது. நான் எதிர்க் கோலைப் பார்த்தேன். கலியன் குதிக்கவில்லை. என்னைப் பார்த்துத் தன் தலையைத் தட்டிக் காட்டினான். தொப்பி. அவ்வளவு தூரத்திலிருந்தும் அவன் கடுப்பு தெரிந்தது.

எடுத்துப் போட்டுக்கொண்டேன். தேங்காய் எண்ணெய் வாசனை. தொப்பியின் நிழலுக்குக் கீழே உலகம் திரும்பி வந்தது.

அதன் பிறகு எங்கள் ஆட்கள் பந்தை அந்தப் பக்கம் தாண்டவே இல்லை. அடித்தால் காற்று திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கிறது. கடைசியில் கார்னர். அவர்களுடைய உயரக்காரன் எல்லார் தலைக்கும் மேலே எழும்பி முட்டினான். பந்தை முழுசாகப் பார்த்தேன், தையல்கூடத் தெரிந்தது. விரல் நுனியில் பட்டுக் கம்பிக்கு மேலே போனது. விசில்.

ஃபர்ஸ்ட் டிவிஷன்.

யார் யாரோ தூக்கினார்கள். பிரபு என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான், வலிக்கிற முட்டியைப் பார்த்துப் பிடித்தான். வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினேன். மெர்சி முகத்தைப் பார்த்தாள், அப்புறம் மேலே பார்த்தாள்.

"யாரு தொப்பி இது?"

அப்போதுதான் தெரிந்தது, இன்னும் என் தலையில் இருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

புழுக்கம். சர்ச்சில் முட்டி போட முடியவில்லை, நின்றே ஜெபம். கேட்பதற்கு ஒன்றும் இல்லை, நன்றி மட்டும். வெகு நாளைக்குப் பிறகு இப்படி.

நன்றி:
துரை அண்ணன்.
மெர்சி. ஐஸ், எண்ணெய், திட்டு எல்லாவற்றுக்கும்.
ரவி மாமா. கத்தாததற்கு.
பாஷாவின் வலது கால்.
எலுமிச்சை சாதம் கொடுத்த பெண்.
கலியமூர்த்தி.

கடைசிப் பேரை எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அவன் தொப்பி கொடுக்காமல் இருந்திருந்தால் அந்தக் கடைசிப் பந்து உள்ளே. அவர்கள் மேலே, நாங்கள் கீழே. இதை எப்படிச் சொன்னாலும் இதுதான்.

மெர்சி தொப்பியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். பிரபுவிடம் கலியன் நம்பர் வாங்கினேன்.

ஆகஸ்ட் 13, புதன்

காலை தூறல், பிறகு வெயில். சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட். வண்டி நிற்கிற நேரத்துக்குக் கலியன் வந்தான், கையெல்லாம் கிரீஸ். டீ சொன்னேன்.

"கோல் வுட்டப்புறம் போட்டுக்கற. முன்னாடியே போட்டிருந்தா அதுவும் போயிருக்காது" என்றான்.

"எதுக்கு மச்சான் குடுத்த?"

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். "மொத பாதில அதே கோல்ல நின்னன்ல. தொப்பி இருந்தும் கண்ணு கூசுது. வெயிலு அடிச்சி வுழுற கோலு, அது நாங்க போட்டதா? வெயிலு போட்டதுதான?"

"உங்காளுங்க?"

"ரெண்டு பேரு பேச மாட்றாங்க. கேப்டன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்கான். பேசுவாங்க, எங்க போயிடப் போறாங்க?"

லேசாகத்தான் சொன்னான். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டேன்.

இரண்டாமிடத்துக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. ஃபர்ஸ்ட் டிவிஷனில் தத்தளிக்கிற ஒரு டீமோடு ஒரே ஒரு மேட்ச். ஜெயித்தால் மேலே. 23ஆம் தேதி, கடலூரில், எங்கள் மைதானத்தில். தொப்பியை நீட்டினேன், வாங்கவில்லை.

"அன்னிக்கி எடுத்துட்டு வா. உங்க ஊரு வெயிலு எந்தப் பக்கம்னு எனக்கென்ன தெரியும்?"

டிரைவர் ஹாரன் அடித்தார். படியில் ஒரு கால் வைத்துவிட்டேன். மாமாவிடம் செய்த சத்தியம் ஞாபகம் வந்தது. அடுத்த வருஷம் இவர்கள் எங்களுக்கு எதிரில் நிற்கலாம் என்பதும் ஞாபகம் வந்தது. இறங்கிவிட்டேன்.

"டாஸ் ஜெயிச்சா மேக்கு கோல எடுக்கச் சொல்லு" என்று ஆரம்பித்து, மேல்காற்று, கடல்காற்று, சவுக்குத் தோப்பு, டீக்கடைக் கொடி, ஒன்று விடாமல் சொன்னேன். கலியன் வாயைத் திறந்தபடி கேட்டான்.

"அதான் உங்க ஊருல நாங்க செத்தமா?"

வண்டி சிதம்பரம் நெரிசலில் மாட்டித் தாமதம். டிரைவர் உறுமல். எனக்கு மனசு லேசாக இருந்தது. பி.முட்லூர் தாண்டியதும் லேசாக இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. திருவந்திபுரம் கோயிலில் கல்யாணக் கூட்டம். மேலே ஏறினால் முடி தருவதாகச் செய்த வேண்டுதலைப் பிரபு நிறைவேற்றினான், மொட்டை. மண்டை எலுமிச்சம்பழ வடிவம் என்று இத்தனை வருஷமாக யாருக்கும் தெரியாது. பாஷா தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான். ஷேர் ஆட்டோவில் வரும்போது பிரபு சொன்னான்: "அன்னிக்கி டாஸ்ல நான் பண்ணதுக்கு டீமே என்னய மிதிச்சிருக்கணும். யாரும் ஒரு வார்த்த கேக்கல."

அங்கேயே காற்று விஷயத்தை நானும் சொல்லியிருக்கலாம். இரவு மெர்சியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"உங்க மாமாகிட்ட நீயே சொல்லிடு. வேற யாரும் சொல்றதுக்குள்ள."

ஆகஸ்ட் 23, சனி

வெயில். துரை அண்ணன் மறுபடியும் என் வண்டியில். இந்த மனுஷனுக்கு நான் என்ன செய்யப் போகிறேன்.

எங்கள் கிளப் முழுக்கக் கிழக்குக் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தோம். மெர்சியும் வந்தாள், டியூட்டி உடையோடு. ஆட்டம் ஆரம்பிக்கும் முன் கலியனிடம் தொப்பியைக் கொடுத்தேன். மோந்து பார்த்தான். "தொவச்சிட்டீங்களா?" என்றான், ஏதோ கெடுத்துவிட்ட மாதிரி.

டாஸ் சிதம்பரத்துக்கு. அவர்கள் கேப்டன் மேற்கைக் காட்டினான். ரவி மாமா மெதுவாகத் திரும்பினார்.

"எவன்டா சொன்னது?"

"நான்தான் மாமா."

மாமா மைதானத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிரபு தன் மொட்டையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தான். மேல்காற்றில் சிதம்பரம் ஒரு கோல் போட்டது. ஹாஃப் டைமுக்குக் கொஞ்சம் முன்னால் மாமா டீக்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சொன்னதுதான் சொன்ன, கொடியப் பத்தியும் சொன்னியா?"

"சொன்னன் மாமா."

"அப்ப சரி. அரகொறயா சொல்லிக் கெடுத்துடப் போறியேன்னு பாத்தன்."

பிரபு சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது. மெர்சி பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பக்கம் மாறியது. கலியன் எங்களுக்கு முன்னால், என் கோலில் வந்து நின்றான். இனிமேல் என் கோல் இல்லை. மெர்சிக்குச் சொன்ன வார்த்தை வார்த்தைதான். வேறு எவன் நின்றாலும் வலித்திருக்கும். இவன் நிற்பது வலிக்கவில்லை.

சூரியன் தோப்புக்குப் பின்னால் போய்விட்டது. கலியன் மேற்கைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றி வலையில் மாட்டினான். காற்று சுத்தமாக நின்றுபோனது. வலை அசையவில்லை, கொடி அசையவில்லை. எதிர் டீம் ஏறி ஏறி வருகிறது. கலியன் ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் பொறு என்று கையைக் காட்டினேன். பொய் சொல்லிவிட்டேனோ என்று எனக்கே பயம்.

"வந்துடிச்சி பாரு" என்றாள் மெர்சி.

முதலில் என் பின்கழுத்தில் பட்டது. அப்புறம் வலையில் தொங்கிய தொப்பி மேற்குப் பக்கமாக ஆட ஆரம்பித்தது.