பெல்மிரு இந்த நாட்டுக்காரன் இல்லையாம்

ஆகஸ்ட் 22, 1996, வியாழன்

வெக்கை. மில்லில் மின்விசிறிகள் சூட்டையே திருப்பித் திருப்பி வீசின. நாள் முழுக்கத் திரைச்சீலைகளுக்கு ஓரம் தைத்துவிட்டு வந்து சூப் வைத்தேன். இந்தச் சூட்டில் யார் கீரை சூப் குடிப்பார்கள் என்று புருஷன் டுவார்ட் தொடவே இல்லை. அவன் பங்கையும் சேர்த்துத் தம்பி பெல்மிரு குடித்தான். இவனுக்குச் சூடு, குளிர் என்றெல்லாம் கிடையாது; சூப் என்றால் சூப்.

டிவியில் ஜனாதிபதி புதுச் சட்டத்தில் கையெழுத்துப் போடுவதைக் காட்டினார்கள். அரசு உதவிகளை வெட்டும் சட்டம். டுவார்ட் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நான் கூரை மேல வேலை செஞ்சு வெந்து சாகறேன். கண்டவன் வந்திறங்கி நம்ம வரியில சாப்பிடறான். இப்பவாவது ஒருத்தனுக்குத் தைரியம் வந்துச்சே" என்று கை தட்டினான். பெல்மிருவும் தட்டினான். டுவார்ட் எதற்குத் தட்டினாலும் அவன் தட்டுவான்.

நாளைக்கு அவனுக்கு வலிப்பு மாத்திரை வாங்க வேண்டும்.

பிப்ரவரி 13, 1997

பெல்மிரு பேருக்குக் கடிதம். தன் பேரில் எது வந்தாலும் அவனுக்குத் திருவிழாதான். தானே பிரித்து, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "மானா, படி" என்றான். எங்கள் சாவ் மிகேல் தீவில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

படித்தேன். மறுபடி படித்தேன். குடிமக்கள் அல்லாதவர்களுக்கு முதியோர், ஊனமுற்றோர் உதவித்தொகை நிறுத்தப்படுகிறது. நீங்கள் குடிமகன் என்பதற்கு எங்களிடம் பதிவு இல்லை. ஆகஸ்டுக்குள் சான்று காட்டாவிட்டால் —

யார் இல்லை? பெல்மிருவா? எட்டு வயசுல இந்த ஊருக்கு வந்தவன், இப்ப முப்பத்தாறு. ஃபால் ரிவர்ல எந்தக் கடை நாய் கடிக்கும், எது கடிக்காதுன்னு அவனுக்குத் தெரியும். தீவைப் பத்தி என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது.

நான் கல்யாணத்துக்கு முன்னால் போய்ப் பிரமாணம் எடுத்துக் குடியுரிமை வாங்கினேன். அப்பாவும் அம்மாவும் கடைசிவரை கிரீன் கார்டோடு இருந்து போய்ச் சேர்ந்தார்கள். பெல்மிருவுக்கும் வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவன் என்ன ஓட்டா போடப் போகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

"என்ன போட்டிருக்கு, மானா?"

"ஒண்ணுமில்லடா. உன்னை விசாரிச்சிருக்காங்க."

சந்தோஷமாகக் கொண்டுபோய்த் தன் அறைச் சுவரில் ஒட்டிக்கொண்டான்.

பிப்ரவரி 14

தப்பா வந்திருக்கும், போன் பண்ணு என்றான் டுவார்ட். சாப்பாட்டு நேரம் முழுக்கப் போனில் நின்றேன். தப்பில்லையாம்.

பிப்ரவரி 25

நம்மவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் அலுவலகத்தில் வேலை செய்யும் ஒடேட்டைப் பார்த்தேன். உட்கார இடமில்லை. எல்லாரும் வயதானவர்கள், எல்லார் கையிலும் அதே கடிதம். என் கூடவே தைத்து ஓய்வு பெற்றவர்கள்கூட இருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை, ஏதோ களவு செய்து பிடிபட்ட மாதிரி.

ஒடேட் சொன்னாள்: "குடியுரிமைக்கு எழுதிப் போடலாம். இங்கிலீஷ், தேர்வு, எல்லாத்துலயும் விலக்கு வாங்கிடலாம், டாக்டர் எழுதிக் குடுத்தா போதும். சத்தியப்பிரமாணத்துக்கு மட்டும் விலக்கு கிடையாது. அவருக்கே புரிஞ்சு அவரே சொல்லணும்."

"புரியலைன்னா?"

ஒடேட் எழுதிக்கொண்டே இருந்தாள்.

பணம் மட்டும் இல்லை. அதோடு மருத்துவ அட்டையும் போகலாம். அட்டை போனால் மாத்திரை போச்சு, அவன் போகும் பகல்நேர மையமும் போச்சு. பிறகு பகலில் அவனை யார் பார்ப்பது?

மார்ச் 16, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதாமல் தூங்கவும் முடியாது.

சர்ச்சில் பூசை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டுவார்ட் ரொட்டியைப் பிய்த்தபடி, நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னான்: "சாவ் மிகேல்ல உங்க அத்தை இருக்காங்கல்ல. அங்க கொஞ்ச நாள் இவனை விட்டுப் பாக்கலாம். அவங்க ஊர்ல ஏதாவது உதவி குடுப்பாங்க. அந்த ஊர்க்காரன்தானே இவன்."

பதினெட்டு வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டவன். பெல்மிருவுக்குச் சவரம் செய்யக் கற்றுக்கொடுத்தவன் இவன்தான். வலிப்பு வந்தால் முதலில் ஓடுகிறவனும் இவன்தான்.

"அவனைக் கப்பல் ஏத்தி அனுப்பப் பாக்குறியா?"

"கத்தாத. யோசிச்சுப் பாரு. நீ மில்லை விட்டுட்டு வீட்ல உக்காந்தா நாம எப்படி நிக்கறது?"

"நீதானே அன்னிக்கு அந்தச் சட்டத்துக்குக் கை தட்டினே?"

"இவனை மனசுல வெச்சா தட்டினேன்?"

இதற்குள் பெல்மிரு எழுந்து போயிருந்தான். கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். "டுவார்ட், நான் ரெடி. எப்பப் போறோம்? மானாவும் வர்றாளா?"

டுவார்ட் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான். நான் பெல்மிருவின் கோட்டைக் கழற்றினேன். பொத்தான் ஒன்றுகூடச் சட்டென்று கழலவில்லை.

மார்ச் 17

டுவார்ட்டுக்குச் சாப்பாடு கட்டி வைக்காமலே மில்லுக்குப் போனேன்.

மே 4

டுவார்ட் பெல்மிருவைச் சமையலறையில் நிறுத்தி, பிரமாணத்துக்கு வலது கையைத் தூக்கச் சொல்லிக்கொடுக்கிறான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வரவில்லை. இதுதான் அந்த மன்னிப்போ?

"எது கேட்டாலும் ஆமான்னு சொல்லு. அவ்வளவுதான். புரிஞ்சுதா?"

"ஆமா."

"இந்த நாட்டுக்கு விசுவாசமா இருப்பியா?"

"ஆமா."

"அப்படித்தான். பசிக்குதா?"

"இல்ல, இப்பத்தானே தின்னேன்."

டுவார்ட் தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த பிறகுதான் பயமாக இருந்தது.

ஜூன் 19

பாஸ்டனில் குடியுரிமை நேர்காணல். பெல்மிருவுக்கு டுவார்ட்டின் கழுத்துப்பட்டி. அதிகாரி சின்னப் பெண், முகத்தில் கடுமையே இல்லை. அவனைப் பார்த்துத்தான் பேசினாள், என்னைப் பார்த்து அல்ல. முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஆமா என்றான். என் உயிர் திரும்பி வந்தது.

"சட்டம் கேட்டா, இந்த நாட்டுக்காக ஆயுதம் எடுப்பீங்களா?"

அவனுக்குப் புரியவில்லை. அவள் எளிமையாகச் சொல்லிப் பார்த்தாள்: "துப்பாக்கி. துப்பாக்கி தூக்குவீங்களா?"

பெல்மிரு தூக்கிய கையை இறக்கிவிட்டான். "துப்பாக்கி கெட்டது. மானா அடிப்பா."

பின்னால் நின்ற டுவார்ட், "ஆமான்னு சொல்லுடா" என்று மெல்லச் சொன்னான். அந்தப் பெண், "சார், நீங்க சொல்லக் கூடாது" என்றாள். அவன் தூக்க மாட்டான், சண்டை வேண்டாம் என்கிறவர்களுக்கு வேறு வாசகம் உண்டாமே, அதைக் கேளுங்கள் என்று நான் கெஞ்சினேன். கேட்டாள். முடிவில், "இப்ப என்ன சத்தியம் பண்ணீங்க, உங்க வார்த்தையில சொல்லுங்க" என்றாள்.

"இன்னிக்கு ஐஸ்கிரீம்" என்றான். டுவார்ட் வழியில் வாக்குக் கொடுத்திருந்தான்.

பேனாவை மூடி வைத்தாள். "மன்னிச்சுக்கோங்க, மேடம். என்னால முடியாது." அவள் கண்ணும் கலங்கியிருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தோம். வண்டியில் டுவார்ட், "அவனுக்குப் பதிலா நான் பண்றேன்னா விட மாட்டாங்களா?" என்றான். என்னைக் கேட்ட மாதிரி இல்லை.

ஜூலை 20

சுவரிலிருந்து கடிதத்தைக் கிழித்தேன். பெல்மிரு அழுதான். திரும்ப ஒட்டிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 6

ஒடேட் மில்லுக்கே போன் செய்தாள். நேற்றுச் சட்டத்தை மாற்றிக் கையெழுத்தாகிவிட்டதாம். போன வருஷம் சட்டம் வந்த நாளில் இங்கே இருந்தவர்களுக்கு, பெல்மிரு மாதிரி ஆட்களுக்கு, தொகை நிற்காது. துணிக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. ஒரு கையெழுத்தில் இந்த நாட்டுக்காரன் இல்லை என்கிறார்கள், இன்னொன்றில் சரி இரு என்கிறார்கள். மூன்றாவதில் என்ன சொல்வார்களோ?

டுவார்ட் கொண்டாடப் பச்சை ஒயின் பாட்டில் ஒன்று வாங்கி வந்தான். "எல்லாம் சரியாயிடும்னு நான்தான் நினைச்சிட்டே இருந்தேன்" என்றான்.

நினைச்சியா?

அக்டோபர் 4, சனி

மில்லில் எனக்குப் பக்கத்து மிஷினில் தைக்கும் இடலினா, மகளோடு வீட்டுக்கு வந்தாள். டெல்ஃபினாவுக்குப் பத்து வயது, நடக்க வராது. டுவார்ட் அவளைத் தூக்கி வந்து மேசையருகே உட்கார வைத்தான். பெல்மிரு தன் இனிப்பு ரொட்டியில் பாதியை அவளுக்குக் கொடுத்தான். அவன் யாருக்கும் கொடுக்க மாட்டான்.

"உங்க தம்பிக்கு உதவித்தொகை நிக்கலைன்னு சொன்னாங்க, அக்கா. இவளுக்கு எப்படி எழுதிப் போடணும்?"

இந்த நாட்டுக்கு எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். போன வருஷம் செப்டம்பரில், அண்ணன் அழைத்து, விசா வாங்கித்தான் வந்தோம் என்றாள். எல்லாம் முறையாக.

சட்டம் வந்தது ஆகஸ்டில்; அதற்குப் பிறகு வந்தவர்களுக்குத் தொகை கிடையாது. அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அழவில்லை, வாதாடவும் இல்லை. "நாங்க அவங்களை என்ன பண்ணோம்? எங்க மேல ஏன் அவ்வளவு கோவம்?" என்றாள்.

டுவார்ட் அவளுக்குக் காப்பி ஊற்றினான். இத்தனை வருஷத்தில் விருந்தாளிக்கு அவன் ஊற்றி நான் பார்த்ததில்லை.

"உங்க மேல கோவம் இல்லம்மா. சட்டம் வந்தப்ப நாங்க வேற ஆளுங்கள நினைச்சோம்."

"யாரை?" என்றாள் இடலினா. குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

டுவார்ட் காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தான்.