ஒரு நாளைக்கு ஒரு கோயில்

மணியடிக்கும் மகராசியாகிய என் மச்சினிச்சிக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா, இரண்டு தையல் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி எல்லோரும் சுகம். இதில் யார் அதிகம் சூடாவது என்பதில் மட்டும் போட்டி. அங்கே நீயும் சகலையும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய தென்னாட்டுக் கோயில் பயணத் திட்டம் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் டைம்டேபிள் போடுகிற கையை வைத்துக்கொண்டு உன்னால் சும்மா இருக்க முடியுமா? சாமிக்கெல்லாம் பீரியட் போட்டிருக்கிறாய். காலையில் பெரிய கோபுரம், அது முடிந்து மூச்சு வாங்குவதற்குள் ஆயிரங்கால் மண்டபம், சாப்பிட்ட கை காய்வதற்குள் அரண்மனை, பொழுது சாய்ந்தால் கடற்கரைக் கோயில், இருட்டியதும் நாட்டியக் கச்சேரி. எந்தச் சாமியாவது லேட்டாகக் கதவு திறந்தால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவாய் போலிருக்கிறது.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் உன் திட்டத்தில் நான் சில இடங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு கோயில் போதும். கூரையெல்லாம் ஓவியம் இருக்கிறது என்று ஒரு கோயிலைக் கடைசி நாளில் வைத்திருக்கிறாயே, அதை முதல் நாளுக்குக் கொண்டு வா. இருட்டில் எங்கேயும் போக வேண்டாம். கச்சேரியை அடித்துவிடு. தட்டினால் சத்தம் கொடுக்கும் கல்தூண் இருக்கிற கோயில் கடைசியில் வரட்டும். காரணம் என் முட்டி. அது இப்போதெல்லாம் நான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். எங்கள் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு திரைச்சீலை. அதுவும் கஸ்டமர் திரும்ப வாங்க வராத துணியில் தைத்தது. இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கம் உன் அக்கா மூக்கைத் துடைப்பாள்.

சரி, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. என் முட்டி மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுகிறது. கெட்டுப்போனது முட்டி இல்லை. உன் அக்காவின் கண்.

அவள் என்னிடம் சொல்லவில்லை. மாதம் ஒரு தடவை பட்டன் வாங்கப் போகிறேன் என்று கிளம்பிப் போவாள். கடையில் பட்டன் பெருகவே இல்லையே என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸம்மா யூனிபார்ம் வாங்க வந்தபோது, அம்மா சொட்டு மருந்து ஒழுங்காக விடுகிறார்களா என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியும் என்று நினைத்துக் கேட்டுவிட்டார். நானும் தெரிந்தவன் போலத் தலையை ஆட்டி ஆட்டி விஷயத்தை வாங்கிக்கொண்டேன். கண்ணுக்குள் அழுத்தமாம். முதலில் ஓரம் போகுமாம், பிறகு நடு. போனது திரும்பாது. மருந்து விட்டால் இருப்பது கொஞ்ச காலம் நிற்கும். எவ்வளவு காலம் என்று கேட்டேன். அதைப் பெரிய டாக்டராலும் சொல்ல முடியாது என்றார்.

பிறகுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. பல்பு மங்கல் என்று என்னை இரண்டு தடவை மாற்ற வைத்தாள். பக்கத்தில் டீயை வைத்தால் தெரியாமல் தட்டிவிட்டு, ஓரத்தில் வைப்பானேன் என்று என்னைத் திட்டினாள். நீயும்கூடக் கோபித்துக்கொண்டாயே, முகம் பார்த்துப் பேசும் போனில் அக்கா உத்தரத்தையே காட்டுகிறாள், என்மேல் என்ன வருத்தம் என்று. வருத்தமெல்லாம் இல்லை. அந்தச் சின்னக் கண்ணாடியில் உன் முகம் அவளுக்குப் பிடிபடவில்லை. பிடிபட்ட மாதிரி நடிக்கத் தெரியாமல் போனைத் திருப்பி வைக்கிறாள்.

எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. அப்படியே இருக்கட்டும். ஏன் திட்டம் மாறியது என்று கேட்டால், அத்தானுக்கு வயதாகிவிட்டது, முட்டி போய்விட்டது என்று சொல். சந்தோஷமாக நம்புவாள்.

இப்படிக்கு,
நல்ல முட்டியுள்ள உன் அத்தான்

*

மச்சினிச்சிக்கு,

உன்னைப் போல ஒரு நடிகையை நம்பி ரகசியம் சொன்ன என்னைச் சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து உன் அக்காவை "போடி" என்றும் "உனக்கென்ன தெரியும்" என்றும் பேசியவள், திடீரென்று போன் போட்டு, சாப்பிட்டீங்களா அக்கா, உடம்பைப் பார்த்துக்கோங்க அக்கா என்று குழைந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? போனை வைத்ததும் அவள் என்னைக் கேட்ட முதல் கேள்வி, உனக்கு ஏதாவது பெரிய வியாதியா என்பதுதான். பாவம், உனக்காக ஒரு நாள் முழுக்கக் கவலைப்பட்டாள்.

ஆனால் குட்டு உடைந்தது உன்னால் இல்லை. என் கைங்கரியம்.

கடைச் சுவரில் ஆணி அடித்து நூல்கண்டுகளை மாட்டி வைத்திருப்போமே, நினைவிருக்கிறதா? வருஷக்கணக்கில் அது இஷ்டத்துக்குத் தொங்கியது. மஞ்சளுக்குப் பக்கத்தில் கறுப்பு, கறுப்புக்குக் கீழே ரோஸ். அவள் கண்ணுக்குச் சிரமமாக இருக்குமே என்று, அவள் பட்டன் வாங்கப் போன சமயம் பார்த்து எல்லாவற்றையும் கழற்றினேன். வெளிர் நிறம் மேலே, அடர்ந்தது கீழே என்று வானவில் மாதிரி அழகாக மாட்டி வைத்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

பெரிய ஓட்டலில் வாசல் கதவு திறந்துவிடுகிற ஆள் ஒருவர் இருக்கிறார். நல்ல உயரம், நாங்கள் ஒட்டகம் என்போம். அவருடைய கறுப்புக் கோட்டு பிரித்துத் தைக்க வந்திருந்தது. உன் அக்கா தைத்துக் கொடுத்தாள், நான் தேய்த்து மடித்து வைத்தேன். அந்த நேரம் கஸ்டமர் ஒருத்தியோடு வம்பளந்துகொண்டிருந்ததால் தையலை நான் கவனிக்கவில்லை. மறுநாள் ஒட்டகம் வந்து கோட்டைப் போட்டுக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டினார். தோளிலிருந்து இடுப்பு வரை அடர் சிவப்பில் ஒரு தையல். ஆபரேஷன் முடிந்து நேராக வேலைக்கு வந்தவர் மாதிரி இருந்தார். நல்ல மனுஷன். கதவைத் திறக்கும்போது யாரும் என் முதுகைப் பார்ப்பதில்லை, பரவாயில்லை என்றார்.

அவர் போன பிறகு உன் அக்கா எழுந்து சுவரிடம் போனாள். பார்க்கவில்லை. கீழிருந்து இரண்டாவது வரிசையில் விரலால் எண்ணிக்கொண்டே போய், முன்பு கறுப்பு தொங்கிய இடத்தில் இருந்த கண்டைத் தொட்டாள்.

"நூலை மாத்தி மாட்டினீங்களா?"

ஆமாம் என்றேன்.

"எது எங்க இருக்குன்னு நான் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன்" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. அவள் ஏன் மனப்பாடம் செய்தாள் என்று நான் கேட்கவில்லை, நான் ஏன் மாற்றி மாட்டினேன் என்று அவள் கேட்கவில்லை. ஒருவர் கண்ணில் ஒருவர் மண்ணைத் தூவுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, ஒட்டகத்தின் முதுகில் கிறுக்கிவிட்டோம். கொஞ்ச நேரம் கழித்து அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடிக்கிற இடத்தில் இரண்டு பேருக்கும் மூக்கு ஒழுகியது. அதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன், எழுதிவிட்டேன். நூலையெல்லாம் பழையபடி மாட்டச் சொன்னாள். அவள் இடம் சொல்லச் சொல்ல நான் மாட்டினேன். ஒரு கண்டுகூடத் தப்பவில்லை.

இப்போது வேறொரு தலைவலி. பயணம் வேண்டாம் என்கிறாள். கண் தெரியாதவளுக்குக் கூரை ஓவியம் எதற்கு, நீங்கள் இரண்டு பேரும் போய் வாருங்கள் என்கிறாள். அவளுக்கு நிறையவே தெரிகிறது, பகலில் நேராகப் பார்த்தால் ஊசியில் நூல் கோக்கிறாள். எனக்கே அது வராது. அதைச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, சட்டைக் காலர் ஒன்றைத் திருப்பிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அவளைக் கையைப் பிடிச்சு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனவ நான். இப்ப அவ என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறதுக்கா அவ்வளவு தூரம் வரணும்?"

ஊர் முழுக்கக் கிண்டல் செய்கிற வாய்க்கு அன்றைக்கு லீவு.

இதுதான் விஷயம். கண்ணைவிட அவளுக்கு அந்தக் கைதான் பெரிதாக இருக்கிறது. உனக்குத் தெரியும் என்று அவளிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன், இனி நீ நடிக்க வேண்டாம். ஆனால் தயவுசெய்து ஆறுதல் மட்டும் சொல்லிவிடாதே. அழுதாயானால் அவள் டிக்கெட்டை நானே கிழித்துப் போட்டுவிடுவேன். உனக்குத் தெரிந்த ஒரே கலை சண்டை. அதைச் செய். நீங்கள் இரண்டு பேரும் நேரில் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. இந்தத் தடவை தட்டிப்போனால், அடுத்த தடவை வரும்போது அவளுக்கு எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று நான் எழுத வேண்டாம், உனக்கே தெரியும்.

இப்படிக்கு,
வாயடைத்துப்போன உன் அத்தான்

*

சண்டைக்காரிக்கு,

உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

நீ போனில் பேசியதெல்லாம் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. வராவிட்டால் போ, உன் சீட்டில் என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போகிறேன், அவர்களுக்கு இரண்டு கண்ணும் பளிச்சென்று தெரியும் என்றாயே, அது உனக்கு எப்படித் தோன்றியது? போனை வைத்துவிட்டு உன் அக்கா ஒரு மணி நேரம் மெஷினை மிதித்த மிதியில் தைக்க வந்த துணி தீர்ந்துபோய்விட்டது. என் பணத்தில் வாங்கின சீட்டில் அந்தம்மா போய் உட்காருவார்களா என்று கேட்டாள். அதுவும் ஜன்னல் ஓரமா என்று இரண்டாம் தடவை கேட்டாள். உன் மாமியாரிடம் என் நன்றியைச் சொல். எதற்கென்று சொல்லாதே.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே, "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமான்னு ஊர்ல கேப்பாங்க. கெடுறதுக்கு முன்னாடியே பண்ணிட்டு வந்துடலாம்" என்றாள். அவளே சொல்லி அவளே சிரித்தாள். நான் வாயில் இருந்த தண்ணீரைத் துப்பவும் மறந்து நின்றேன்.

அதிலிருந்து உன் திட்டத்தை அவள் கையில் எடுத்துக்கொண்டாள். நான் படிக்கப் படிக்க, அவள் மாற்றச் சொல்கிறாள். ஓவியக் கூரை முதலில். அங்கே நாள் முழுக்க இருக்க வேண்டுமாம், வெளிச்சம் சாயச் சாய நிறம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டுமாம். படுத்துப் பார்க்க விடுவார்களா என்று விசாரித்து வை, நின்று பார்த்தால் கழுத்து விடாது. வெண்கலச் சிலைகள் இருக்கிற மியூசியம் இரண்டாம் நாள். சிலைகளின் துணி மடிப்பைப் பார்க்க வேண்டுமாம், பொன்னையும் மணியையும் விட்டுவிட்டுத் தையல்காரி புத்தி எங்கே போகிறது பார். கண்ணுக்கு வேண்டியதெல்லாம் முன்னால், கைக்கும் காதுக்கும் வேண்டியது பின்னால் என்று பிரித்துவிட்டாள். சத்தம் கொடுக்கும் தூண் கடைசியில்தான். என் முட்டிக்காக என்று நான் சொன்னபோது சிரித்தவள், இப்போது தானே கண்டுபிடித்த மாதிரி பேசுகிறாள். இருட்டில் கச்சேரி வேண்டாம் என்று நான் அடித்ததை மறுபடி சேர்க்கச் சொன்னாள். சலங்கைக்கு வெளிச்சம் எதற்கு என்கிறாள். சேர்த்துவிடு.

நடக்கிற விஷயத்துக்கு நான் ஒரு வழி யோசித்திருக்கிறேன். நீ அவள் கையைப் பிடிக்காதே. உன் மணிக்கட்டை அவள் பிடித்துக்கொள்ளட்டும், ஸ்கூலுக்குப் போகும்போது பிடித்த மாதிரி. படி வந்தால் உனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல், மெதுவாக ஏறு. யார் யாரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாம். உங்களுக்கும் தெரிய வேண்டாம். நான் செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறேன். இத்தனை வருஷம் அந்த வேலைதானே பார்க்கிறேன்.

கடைசியாக ஒன்று. இது அவள் சொல்லி நான் எழுதுவது. கோயில் பார்க்கத் தொடங்குவதற்கு முந்தின நாள் பொழுது சாய்ந்த பிறகுதான் உன் ரயில் வந்து சேரும், ரூமில் எல்லோரும் சந்திப்போம் என்று போட்டிருந்தாய். அதை அடிக்கச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன்.

"ரூம் லைட்ல வேண்டாம். மறுநாள் காலைல, கோபுரத்துக்கு வெளியில, வெயில்ல நிக்கச் சொல்லுங்க. முதல்ல அவ முகத்தைப் பார்த்துக்கிறேன். கோயிலெல்லாம் அப்புறம்."

ஆகையால் அன்று ராத்திரி நீ வேறு ரூமில் ஒளிந்துகொள்ள வேண்டும். பக்கத்து ரூமில் இருந்துகொண்டு சத்தமாகச் சிரித்துக் காட்டிக்கொடுத்துவிடாதே, உன் சிரிப்பு எங்களுக்குத் தெரியாதா. காலையில் எங்களுக்கு முன்னால் போய் நின்றுவிடு. நரைக்குச் சாயம் அடிக்காதே, இருக்கிறபடி வா. கறுப்புக் கண்ணாடி போடாதே, குடை பிடிக்காதே. அழுது முகத்தைக் கோணலாக்கிக்கொள்ளாதே. நல்ல முகமாகக் கொண்டு வந்து காட்டு, வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ளப் போகிறாள்.

நீயும் உன் குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும். அந்த ஊர்க் கல்தரை பத்து மணிக்கே காலைச் சுடும் என்கிறார்கள். சுட்டால் சுடட்டும் தாயே. அவள் போதும் என்கிறவரை நகர்ந்துவிடாதே.

உன் அத்தான்