நாற்காலியோடு திரும்பிய மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலம் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை வரை நினைத்திருந்தேன். அன்று வீடியோவில் பேசும்போது குட்டி பின்னாலிருந்து கூப்பிட்டாள், நீ கழுத்தைத் திருப்பவில்லை, சுழல் நாற்காலியோடு முழுசாகத் திரும்பினாய். ஏன்டி இப்படி என்றதற்கு, ஒண்ணுமில்லம்மா லேசா புடிச்சிருக்கு என்று சிரித்து மழுப்பினாய். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். வேறு வேலை என்றால் பரவாயில்லை, நீ ஓட்டுவது பள்ளிக்கூட வேன். அதில் டிரைவர் சீட்டைத் திருப்ப முடியுமா? பிள்ளைகளை இறக்கிவிட்டு வண்டியை எடுக்கும்போது தோளுக்கு மேலாக எப்படிப் பார்க்கிறாய்? கண்ணாடி இருக்கே என்பாய். கண்ணாடியில் தெரியாத இடத்தில்தானே, விழுந்த பென்சிலை எடுக்க ஒரு பிள்ளை குனிந்து நிற்கும். இதையே நினைத்துக்கொண்டு நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு இடக்கை வைத்துத் தைத்துவிட்டேன்.

தையல் மெஷினில் குனிந்து குனிந்து எனக்குக் கழுத்துப் பிடித்தபோது பிசியோதெரபி டாக்டரம்மா சொல்லிக்கொடுத்ததை எழுதுகிறேன், தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் செய். நிமிர்ந்து உட்கார், இரண்டு பாதமும் தரையில் பதியட்டும். தோளைத் தளர விடு, பதற்றம் வந்தால் உனக்கு அது காதுவரை ஏறிக்கொள்ளும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வலது காதை வலது தோள் பக்கம் மெல்லச் சாய், தோளைத் தூக்கிக் காதிடம் கொண்டுபோகாதே. லேசாக இழுக்கிற இடத்தில் நிறுத்தி நாலைந்து மூச்சு விடு, நடுவுக்கு வந்து அடுத்த பக்கம் சாய். அப்புறம் மோவாயை மார்பை நோக்கி இறக்கு, கடைசியில் இரண்டு தோளையும் மாற்றி மாற்றித் திரும்பிப் பார். வலிக்கும்வரை போகாதே, தலையை வட்டமாகச் சுழற்றவும் வேண்டாம். உன் அப்பா செய்ததை மட்டும் செய்துவிடாதே. நான் செய்வதைப் பார்த்துவிட்டு, ஊருக்கெல்லாம் குழாய் மாட்டுறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று உட்கார்ந்தார். அவருக்குக் கழுத்தும் துருப்பிடித்த நட்டும் ஒன்றுதான், இறுகியிருந்தால் ஒரே முறுக்கு. முறுக்கினார். நாலு நாள் தெருவில் யார் கூப்பிட்டாலும் முழு ஆளாகத் திரும்பி நின்று பதில் சொன்னார், என்னங்க திடீர்னு இவ்வளவு மரியாதை என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டேவிட்டார். டாக்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு இப்போது என்னைவிட மெதுவாகச் செய்கிறார்.

சிரிப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கை மரத்துப்போவது, தலைசுற்றல் ஏதாவது இருந்தால் இதெல்லாம் ஒன்றும் வேண்டாம், உடனே டாக்டரிடம் போ, என்னிடமும் மறைக்காதே. லீவு கேட்டால் பள்ளிக்கூடத்தில் ஏதாவது சொல்வார்களே என்று தயங்குவாய். சொல்லிவிட்டுப் போகட்டும்.

உங்களுக்கு ஒரு குறையும் வராது, நல்லா இருங்கள். இது கையில் கிடைத்த அன்றே வீடியோவில் கூப்பிடு. சுழல் நாற்காலி வேண்டாம், சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து, குட்டியை உன் தோளுக்குப் பின்னால் நிற்கச் சொல். நீ கழுத்தை மட்டும் திருப்பி அவள் முகத்தைப் பார்ப்பதை நான் பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால் மறுநாள் வேன் சாவியைத் தொடாதே. அதில் வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டில் என்னைப் போல ஒருத்தி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உன் முகத்தைப் பார்க்கும்வரை கலங்கிக்கொண்டிருக்கும்,
அம்மா