நீச்சல் தெரிந்தவள்

ஞாயிறு, இரவு

என்னோடு பத்தாவது வரை படித்த மஞ்சுளா இறந்துவிட்டாள். இண்டூரில் அவள் புருஷன் வீட்டுக்குப் போயிருந்தேன். மோட்டார் போடப் போனவள் கால் வழுக்கிக் கிணற்றில் விழுந்துவிட்டாள் என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு நீச்சல் தெரியாதுங்க."

எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்ததே மஞ்சுளாதான். அதை அங்கேயே சொன்னேன். அவள் புருஷன் தலை நிமிரவே இல்லை.

வெளியே வந்ததும் அவள் தம்பி என் பின்னாலேயே வந்தான்.

"அக்கா, இதயே ஸ்டேஷன்ல வந்து சொல்லுவீங்களா?"

"சொல்றேம்பா. போலீஸ் வர்ற வரைக்கும் ஒடம்ப எடுக்க வுடாத."

அவன் அங்கிருந்தே போலீசுக்குப் போன் செய்தான். மஞ்சுளாவைப் போஸ்ட்மார்ட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காலையில் நான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.

"நமக்கெதுக்கு வம்பு, போவாத" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் காலையில் கட்டிக்கொள்ளப் புடவையை எடுத்து வைத்துவிட்டேன்.