தெரிந்தெடுத்துப் போகும் ஊர்

நேற்றுப் பின்னேரம் படிக்கட்டுக்குக் கீழே கிடந்த சின்னப் பயணப்பெட்டியை இழுத்து எடுத்தேன். மகள் ரொறன்ரோவில் ஒரு கலியாணத்துக்குப் போகிறாள். பெட்டி வேண்டும் என்றாள். வெறும் பெட்டிதானே என்று அப்படியே தூக்கிக் கொடுத்திருக்கலாம். பழக்கதோஷத்தில் அதன் பக்கப் பையைத் தடவினேன். சிநேகிதி, உம்முடைய சன் கிரீம் கையில் தட்டுப்பட்டது. சிந்திவிடும் என்ற பயத்தில் மூடியைச் சுற்றி நீர் ஒட்டிய டேப் இன்னும் இருந்தது. உரித்துத் திறந்து மூக்கருகே பிடித்தேன். அந்தத் தேங்காய் மணம் குப்பென்று வந்தது. வெளியே இந்த வருடத்து முதல் பனி விழத் தொடங்கியிருந்தது. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீர் அதைப் பூசி நான் ஒருநாளும் கண்டதில்லை. நாம் இருந்த பியர்பொன்ட்ஸ் பகுதியில் விடிய ஐந்தரைக்கு பஸ்சுக்கு நிற்போம். கன்னம் விறைத்து, வாய் திறக்க முடியாத குளிர். அப்போது கைப்பையிலிருந்து எடுத்து ஒரு தரம் மணந்துவிட்டு எனக்கும் நீட்டுவீர். எங்கட நிறத்துக்கு இது என்னத்துக்கு என்று சிரித்தேன். "பூசுறதுக்கில்லை, நினைச்சுப் பாக்கிறதுக்கு" என்றீர். பிறகு அது காணாமல் போனபோது நான்தான் எங்கேயோ விட்டுவிட்டேன் என்று ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தீர். பாரும், என் பெட்டிக்குள் வைத்தது நீர்தான். இதைச் சொல்லிச் சண்டை பிடிக்க இப்போது ஆள் இல்லை.

அந்த மணம் வந்த நேரமும் பொல்லாத நேரம். மார்கழியோடு நான் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். டொமினிக்கன் நாட்டுக் கடற்கரையில் நாம் பார்த்துவைத்த மேல்மாடியை வேறு யாரோ கேட்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டுமாம். நீர் போன பத்து மாதமாக "பாப்பம்" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நான் காலத்தை ஓட்டிவிட்டேன். தனியே போவதா, இல்லை மகளின் வீட்டு பேஸ்மென்டிலேயே இருந்துவிடுவதா என்பதற்கு இன்னும் ஒரு நாள்தான் மிச்சம் இருந்தது.

எல்லாம் ரோசாவால் வந்த வினை. டவுன்டவுனில் அந்தப் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடத்தில் நீர் சாலட் வெட்டுவீர், நான் சூப் காய்ச்சுவேன், ரோசா கோப்பை கழுவுவாள். ஒரு மாசி மாதத்து இடைவேளையில் அவள் டொமினிக்கனில் இருக்கிற தன் பெரியம்மாவின் வீட்டைத் தொலைபேசியில் காட்டினாள். கீழே பெரியம்மா, மேலே இரண்டு அறை, அதற்கு அப்பால் கடல். அந்த அம்மா மீனைத் தேங்காய்ப்பாலில் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தார். நீர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இது எங்கட ஆக்கள்தான்" என்றீர். அன்றைக்கே முடிவெடுத்துவிட்டீர். எனக்குத் தெரியவர இரண்டு கிழமை சென்றது.

அந்த மேல்மாடியை முதலில் பஸ் கண்ணாடியில்தான் நான் பார்த்தேன். மூச்சுப் பட்டுப் புகார் படிந்த கண்ணாடியில் விரலால் கோடு இழுத்து, இது குசினி, இது உம்முடைய அறை, இது என்னுடையது, இந்தப் பக்கம் கடல் என்பீர். மெட்ரோ நிலையம் வருமுன்னே பஸ் சூட்டில் வீடு காய்ந்து மறைந்துவிடும். அடுத்த நாள் மறுபடி கட்டுவீர். ஒருநாள் குசினி பெரிதாகும், ஒருநாள் படிக்கட்டு இடம் மாறும். வெளியே தெருவிளக்கில் பனி சுழன்றுகொண்டிருக்கும். நாம் இருவரும் அந்தக் கோடுகளுக்குள் இருந்து தேத்தண்ணி குடிப்போம். வெயில் ஏறுமுன் போய் மீன் வாங்குவோம். மத்தியானம் பாயைப் போட்டுப் படுப்போம். பின்னேரம் கடலில் கால் நனைப்போம், கால் மட்டும்தான், இருவருக்கும் நீந்தத் தெரியாது. அலை வந்து கணுக்காலைச் சுற்றிவிட்டுப் போவது சப்பாத்துக்குள்ளேயே எனக்குத் தெரியும். ஒரு தரம் அந்த வீட்டை விட்டு வர மனமில்லாமல் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், வேலைக்குப் பிந்தி, இருவரும் ஏச்சு வாங்கினோம்.

உம்முடைய கனவுக்கு மட்டும் எப்போதும் ஒரு பட்டியல் இருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் மருத்துவ அட்டை போய்விடும் என்று கேள்விப்பட்டதும், மாரிக்கு அங்கே, கோடைக்கு இங்கே என்று திட்டத்தைத் திருத்தினீர். மாத்திரை எத்தனை கொண்டுபோவது, மழைக்காலம் எப்போது, மிளகாய்த்தூள் எத்தனை பொதி, எல்லாம் எழுதிவைத்தீர். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் கிடக்கே, ஏன் இப்போதே இந்தப் பாடு என்று ஒருநாள் அலுத்துக்கொண்டேன். நீர் சிரிக்கவில்லை. "நாங்கள் இதுவரைக்கும் ஓடித்தான் வந்தம். மன்னாரில இருந்து ஓடினன். இந்தியாவில இருந்து ஆரோ ஏத்திவிட்டாங்கள். ஒருக்கால் எண்டாலும் ஒரு இடத்தைத் தெரிஞ்செடுத்துப் போவம்" என்றீர். அதற்குப் பிறகு நான் அலுத்துக்கொள்ளவில்லை.

ஸ்பானிய மொழி படிக்க நீர் கண்டுபிடித்த வழியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. வகுப்புக்குப் போவோம் என்றேன். வகுப்பு என்னத்துக்கு, பூசை நமக்கு மனப்பாடம்தானே, ஸ்பானியப் பூசைக்குப் போனால் எந்த இடத்தில் என்ன சொல்கிறார்கள் என்று தானாக விளங்கும் என்றீர். அப்படியே தமிழ்ப் பூசை முடிய மெட்ரோ பிடித்து இன்னொரு மாதா கோவிலுக்கு ஓடி, ஒரே ஞாயிற்றில் இரண்டு பூசை கண்டோம். உம்முடைய கணக்குப் பிழைக்கவில்லை, விளங்கத்தான் செய்தது. இரண்டு வருடத்தில் நாம் பாவமன்னிப்புக் கேட்போம், புனிதர்களைக் கூப்பிடுவோம், தீமையிலிருந்து எங்களை இரட்சியும் என்போம். கழிப்பறை எங்கே என்று கேட்கத் தெரியாது.

போன வருடம் மாசியில் பார்த்துவிட்டு வரப் போனோம். பிள்ளைகளிடம் உண்மையைச் சொன்னால் மறிப்பார்கள் என்று, பங்குக் கோவில் ஆட்களோடு யாத்திரை போகிறோம் என்று சொல்லிவிட்டோம். மகள் எங்களை விமான நிலையத்தில் கொண்டுவந்து இறக்கி, தனக்காகவும் ஒரு மெழுகுதிரி கொளுத்தச் சொன்னாள். விமானத்தில் ஏறியதும் நீர் சிலுவை போட்டுக்கொண்டு, இந்தப் பாவத்தில் பாதி உமக்கு என்றீர்.

அங்கே முதல் நாள் காலையில் பாண் வாங்க மூலைக்கடைக்குப் போனோம். நம்முடைய டெப்பனர் மாதிரி எல்லாம் விற்கிற சின்னக் கடை. நீர் முன்னால் போய் நின்று, செபத்தில் வருகிறபடியே, எங்கள் அன்றாட உணவை எங்களுக்கு இன்று தாரும் என்று ஸ்பானிய மொழியில் சொன்னீர். கடைக்காரி ஒரு கணம் பார்த்தாள். பிறகு "ஆமென்" என்று சொல்லி இரண்டு பாண் எடுத்துத் தந்தாள். மற்ற ஆறு நாளும் எங்களைக் கண்டாலே ஆமென் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

ஆனால் பெரியம்மா பயந்துபோனது அன்று பின்னேரம். அந்த அம்மா மேல்மாடியில் தண்ணீர்க் குழாயைத் திறந்து காட்டினார், ஜன்னலைத் திறந்து காட்டினார். உமக்கு அதில் ஒன்றும் மனம் போகவில்லை. ஊர்ச் சேமக்காலை, ஆட்களைப் புதைக்கிற நிலம், எங்கே இருக்கிறது என்று கேட்க நினைத்தீர். அந்தச் சொல் தெரியாது. மரியே வாழ்க செபத்தின் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் மரண நேரத்தில், எங்கே?" என்று கேட்டீர். அந்த அம்மா உம்மைக் கதிரையில் இருத்தி, தண்ணீர் குடிக்கத் தந்து, விசிறவும் தொடங்கிவிட்டார். ரோசாவுக்குத் தொலைபேசி எடுத்து விளங்கப்படுத்திய பிறகுதான் சிரித்தார், எங்களைச் சேமக்காலைக்கும் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளையடித்த சுவர், தென்னைகள், கல்லறைகளுக்கு மேலே பிளாஸ்டிக் பூ. நீர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினீர். "படுக்கிற இடத்தை முதல் பாத்துவைச்சால், பேந்து இருக்கிறதைப் பற்றி மட்டும் யோசிக்கலாம்" என்றீர். வந்த இடத்தில் என்ன அபசகுனக் கதை என்று உம்மோடு கோபித்துக்கொண்டேன்.

அந்த வருடம் புரட்டாதியில் வயிற்றில் நோ என்றீர். மார்கழியில் ஆஸ்பத்திரிக் கட்டில். தை மாதம் போய்விட்டீர். இங்கே மாரியில் மண் கல்லாக இறுகிவிடுகிறது என்று உமக்குத் தெரியும். பூசை முடிய, உம்மை வைத்த பெட்டியைச் சேமக்காலையில் ஒரு கற்கட்டடத்துக்குள் வைத்துப் பூட்டினார்கள். மண் இளகிய பிறகுதான் புதைப்பார்களாம். குளிரிலிருந்து தப்பத் திட்டம் போட்ட உம்மைக் குளிருக்குள்ளேயே நான்கு மாதம் காத்திருக்க வைத்தார்கள். அந்த நான்கு மாதமும் எனக்கு நல்ல நித்திரை இல்லை. பஸ்சில் கண்ணாடிப் பக்கம் திரும்பமாட்டேன். கடவுளிடமும் கோபம், உம்மிடமும் கோபம். வைகாசியில் உம்முடைய மகன்மார் ரொறன்ரோவிலிருந்து வந்து உம்மை மண்ணில் இறக்கினார்கள். ஈர மண் ஒரு பிடி எடுத்துப் போட்டேன். எல்லாம் முடிந்தது என்று அன்று நினைத்தேன். மேல்மாடியைப் பற்றி ரோசா கேட்டபோது முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லத் துணிவில்லாமல் "பாப்பம்" என்றேன்.

நேற்று நான் படியிலிருந்து எழும்பாததைக் கண்டு மகள் கீழே இறங்கி வந்தாள். கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தாள்.

"யாத்திரைக்கு ஏன் அம்மா சன் கிரீம்?" என்றாள்.

அவசரமாக ஒரு பொய்யைத் தேடினேன். அவள் எனக்குப் பக்கத்தில், அதே படியில், நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். "அன்ரி எல்லாம் சொன்னவா" என்றாள். மார்கழியில் ஒருநாள் நான் உமக்குச் சூப் எடுக்கக் கீழே போனேனே, அந்தப் பத்து நிமிடத்தில் நீர் அவளைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு யாத்திரைப் பொய், மேல்மாடி, பெரியம்மா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறீர். எனக்கு முதலில் பொறுக்க முடியாத கோபம் வந்தது. இருவருக்கும் பொதுவான இரகசியத்தை நீர் மட்டும் உடைக்கலாமா? பிறகு ஏன் இத்தனை மாதம் வாய் திறக்கவில்லை என்று மகளைக் கேட்டேன்.

"அன்ரிதான் சொல்ல வேண்டாம் எண்டவா. 'அவா போறன் எண்டால் மறிக்காதை, பிள்ளை. போகேல்லை எண்டாலும் தள்ளாதை. அவாவே தெரிஞ்செடுக்கட்டும்' எண்டு சொன்னவா. நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

நான் அழுதேன். நீர் போன அன்றுகூட அப்படி அழவில்லை. மகளும் அழுதாள். பேரனைப் பின்னேரத்தில் யார் பார்ப்பது என்று நான் தொடங்க, பிள்ளைகளைப் பார்க்கிற கார்தெரியில் இடம் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டு, அதோடு நிறுத்திக்கொண்டாள். போங்கோ என்று சொல்லவில்லை, போகாதேங்கோ என்றும் சொல்லவில்லை. உமக்குக் கொடுத்த வாக்கை என் பிள்ளை பத்து மாதம் காப்பாற்றியிருக்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது. அந்தப் படியில் எனக்காக முடிவெடுக்க ஒருவரும் இல்லை. அது எவ்வளவு பயமாக இருந்தது தெரியுமா? என் வாழ்க்கையில் அப்படி ஒரு இடத்தில் யாரும் என்னை இருத்தியதில்லை. முதலில் அப்பா, பிறகு ஊரில் சண்டை, பிறகு வெளிநாட்டுக்கு ஏற்றிவிட்ட ஏஜென்சிக்காரன், பிறகு மகளின் தேவை. நீர் எல்லோரையும் விலக்கிவிட்டுப் போயிருக்கிறீர்.

இன்று காலை பூசை முடிய ரோசாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, தையிலிருந்து சித்திரை வரை வருகிறேன் என்றேன். அவள் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்ப எடுத்தாள். மற்ற அறையில் உமக்கென்று போட்ட கட்டிலை என்ன செய்வது என்று அந்த அம்மா கேட்கிறாராம். அது கிடக்கட்டும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, எடுத்துவிடச் சொன்னேன். நீர் வரமாட்டீர். பூட்டிவைத்த அறை ஒன்றை நினைத்துக்கொண்டு கடலைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. அந்த அறையில் ஒரு மேசை போடச் சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் போனது பார்க்க, இம்முறை போவது இருக்க. நான் யாழ்ப்பாணத்தில் வீட்டை விட்டு இறங்கியபோது அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. இந்தியாவில் அறையை விட்டு இறங்கியபோது கொடியில் ஈர உடுப்புத் தொங்கியது. இரண்டையும் அப்படியே விட்டு வந்தேன். சோற்றுக்கு என்ன நடந்தது, உடுப்பை யார் எடுத்தார்கள் என்று இன்றைக்கும் சில நேரம் நினைப்பேன். தை மாதம் நான் அடுப்பை அணைப்பேன். உடுப்பை மடித்து வைப்பேன். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, திறப்பை மகளின் கையில் கொடுப்பேன். அவசரமில்லாமல் ஒரு வீட்டை விட்டு இறங்கலாம் என்பதை நீர்தான் எனக்குத் தந்துவிட்டுப் போனீர். நான் கொண்டுபோவது அதைத்தான்.