கழற்றியது நான்

மச்சான்,

எதிர் வீட்டில் கதவு வேலை நடக்கிறது. காலையில் ரம்ப மிஷினைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தேக்கு கருகும் வாசனை ஜன்னல் வழியே வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. மஞ்சக்குப்பத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்தேன். இப்போதும் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

துபாயிலிருந்து திரும்பியதும் லால்பேட்டை வீட்டுக் கார் ஷெட்டில் நீயும் இப்படி ஒன்று வாங்கிப் போட்டாய். தொடுவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றுவாய், சட்டைக் கையை மடித்துவிடுவாய். சின்னப் பலகையைக் கையால் தள்ளவே மாட்டாய்; ஒரு குச்சி வைத்திருந்தாய். "ஆன் பண்ணிட்டா அது நம்ம பேச்சக் கேக்காது மச்சான்" என்பாய். ஞாயிறுதோறும் கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்து கூடமாட நின்ற எனக்கு அதெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

அன்று என் மகளுக்குப் படிக்கிற மேசை செய்தோம். காலையில் பிளேடு மாற்ற அதன் மேல்மூடியைக் கழற்றினாய். மாற்றியதும் மறக்காமல் மாட்டினாய். நான் பார்த்தேன். அஸர் தொழக் கிளம்பும்போது, "நா வர்ற வரைக்கும் கை வைக்காத" என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். எனக்குப் பொறுக்கவில்லை. பென்சில் கோட்டை மறைக்கிறதென்று மூடியை நானே கழற்றிவிட்டு அறுத்தேன். அறுந்த சில்லு ஒன்று பிளேடு பக்கத்தில் கிடந்தது. மிஷினை நிறுத்தாமலே எடுக்கப் போனேன். இடது ஆள்காட்டி விரல்.

திரும்பி வந்த நீதான் சுவிட்சை அணைத்தாய். கையைத் துண்டால் இறுக்கிக் கட்டினாய். "வெரலு நேரா ஐஸ்ல படக்கூடாது" என்று ஈரத்துணியில் சுற்றிக் கவரில் போட்டு, ஐஸ் மேல் வைத்தாய். பாண்டிச்சேரிக்குக் காரை விரட்டினாய். சிதம்பரம் தாண்டும்போது நீ அழுதாய். "காலையில கழட்டுனத மாட்டாம உட்டுட்டேன்டா. என் தப்பு."

கண்ணை மூடிக் கிடந்தேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்த மறுநாளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வாய் வரவில்லை.

விரல் ஒட்டியது, மடங்கவில்லை. நீ மிஷினைத் தார்ப்பாய் போட்டு மூடினாய். மூன்று வருடம் அதன் பக்கமே போகவில்லை. என் மனைவி உன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினாள். அதையும் பார்த்துக்கொண்டு இருந்தேன். போன மாதம் மாரடைப்பு என்று போன் வந்தது. நான் வந்து சேர்ந்தபோது உன்னைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள்.

போன வாரம் என் மனைவியிடம் சொன்னேன். அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் லால்பேட்டை போய் உன் வீட்டில் சொன்னேன். கேட்டு முடித்து உன் மனைவி சொன்னாள்:

"அவுரு இருக்கும்போதே சொல்லியிருக்கலாமேண்ணே. அஞ்சு வேளையும் ஒங்க வெரலுக்காக துஆ கேட்டாரு. 'அதான் ஒட்டிடுச்சேங்க'ன்னா, 'மடங்கலியே'ம்பாரு."

அதற்கு மேல் அங்கே இருக்க முடியவில்லை. காட்டுமன்னார்கோயில் வரைக்கும் நடந்தே போனேன்.

இப்போது யார் கேட்டாலும் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டிருக்க வேண்டியவன் நீ ஒருத்தன்தான், மச்சான்.